பிட்டோன் தெ நேஜ் மலைக்குடிலில் உணவும் இரவுத் தங்கலும்: விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான ரீயூனியன் தீவில் மே முதல் நவம்பர் வரை நீளும் மழை குறைந்த பருவத்தில் பிட்டோன் தெ நேஜ் சிகரத்துக்கு ஏறுகிறவர்கள் அதிகம். சேன் ஆந்த்ரே, சேன் பியேர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும், புதுச்சேரி, காரைக்கால், பாரிஸ் ஆகிய இடங்களிலிருந்து விடுமுறைக்கு வந்திறங்கும் உறவினர்களும் அவர்களில் உண்டு. சிகரத்துக்குக் கீழே இருக்கும் குடிலில் ஓர் இரவு தங்கித் திரும்பியபின், இவர்களிடையே ஏறத்தாழ ஒரே விதமான குறைகள் எழுகின்றன. ஊருக்குள் விடுதியில் தங்கும் அளவுக்குப் பணம் கட்டியும் வெந்நீர் கிடைக்கவில்லை என்பது ஒன்று. இரவுச் சாப்பாடு ஒரே வேளையில், ஒரே வகையில் பரிமாறப்பட்டது என்பது இன்னொன்று. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எல்லோரும் எழுந்து நடமாடித் தூக்கத்தைக் கெடுத்தார்கள் என்றும், சைவம் வேண்டுமென்றால் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது என்றும் சொல்கிறார்கள்.

இவற்றைக் குடில்காரரின் அலட்சியமாகவோ சுற்றுலாப் பயணிகளிடம் பணம் பறிக்கும் வழியாகவோ எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் இவ்விதிகளில் பெரும்பாலானவை அந்த உயரத்தின் காற்று, நீர், எடை ஆகியவை இடும் கட்டளைகள். அவற்றை அடிப்படையிலிருந்து புரிந்துகொண்டால், எந்தக் குறை நியாயமானது, எது தவறான இடத்தில் வைக்கப்படுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்கலாம்.

குடில் எங்கே இருக்கிறது

இந்தியப் பெருங்கடலிலேயே உயரமான சிகரம் பிட்டோன் தெ நேஜ். உயரம் 3,070 மீட்டர். பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கும் பழைய எரிமலை இது. இதைச் சுற்றி மஃபாத், சிலாவோஸ், சலாஸி என்று மூன்று பெரும் பள்ளத்தாக்குகள் செங்குத்துச் சுவர்களோடு குடைந்து கிடக்கின்றன. 2007இல் உருவான தேசியப் பூங்காவுக்குள் அடங்கும் இந்நிலப்பரப்பு 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பெரும்பாலோர் ஏறும் வழி சிலாவோஸ் ஊருக்குச் சற்று மேலே, லெ ப்ளோக் என்ற இடத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தைச் சுவரில் ஏறுவதுபோலப் படிப்படியாக ஏறினால், 2,478 மீட்டர் உயரத்தில், இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் மலைமுதுகில் கவேர்ன் துஃபூர் குடில் வரும். நடைப் பழக்கமுள்ளவர்களுக்கு இது மூன்று மணி நேர ஏற்றம். எல்-பூர் பக்கத்திலிருந்தும் வரலாம். அது இன்னும் நீண்ட வழி. குடிலிலிருந்து சிகரம் மேலும் சுமார் 600 மீட்டர் உயரம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

தீவில் இத்தகைய தங்குமிடங்களை ஜீத் என்கிறார்கள். இரண்டடுக்குக் கட்டில்கள் போட்ட பொதுக் கூடம், நீண்ட மேசையில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் உணவு, முன்பதிவு ஆகியவை இதன் பொது இலக்கணம். தெமி பான்சியோன் என்று பதிவின்போது குறிப்பிடப்படும் கட்டணத்தில் இரவு உணவு, படுக்கை, காலைச் சிற்றுண்டி மூன்றும் சேர்ந்தே வரும். மதிய உணவு வராது. இந்தக் கடைசிச் செய்தியைக் கவனிக்காமல் வெறும் பையோடு ஏறி, பிற்பகலில் பசியோடு குடில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள்.

மூன்று கட்டுப்பாடுகள்

1. எடை. குடிலுக்குச் சாலை கிடையாது. அரிசி, பருப்பு, காஸ் சிலிண்டர், மெத்தை எதுவானாலும் ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவர வேண்டும். அல்லது மனித முதுகில் ஏற வேண்டும். ஹெலிகாப்டரின் செலவு பறக்கும் நிமிடங்களைப் பொறுத்தது. அது தூக்கக்கூடிய சுமையோ காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. உயரம் கூடக் காற்று மெலிந்து, தூக்கும் ஆற்றலும் குறையும். போதாததற்கு, சமையல் எரிவாயு சிலிண்டரின் மொத்த எடையில் ஏறத்தாழப் பாதி வெறும் இரும்பு. அந்த இரும்பை மேலே கொண்டுவரவும் செலவு, காலியானபின் கீழே இறக்கவும் செலவு. குப்பைக்கும் இதே கணக்குதான். மேலே விற்கும் ஒரு புட்டிக் குளிர்பானம் கீழே விற்பதைவிட விலை கூடியிருப்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பொருள்களை நாள்கணக்கில் முன்கூட்டியே இருப்பு வைத்தாக வேண்டும்.

2. நீர். உலகிலேயே மிகக் கடுமையான மழைப் பதிவுகளில் சில இந்தத் தீவுக்கு உரியவை. 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. இவ்வளவு மழை பெறும் தீவில் ஒரு குடிலுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் நம்புவது கடினம்தான். ஆனால் மலைமுதுகில் இருக்கும் கட்டடத்துக்கு மேலே நீர் சேர்ந்து வடியக்கூடிய பரப்பு மிகக் குறைவு; ஓடைகள் அதற்குக் கீழேதான் பிறக்கின்றன. எரிமலைப் பாறையோ வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே பெய்த மழையைத் தேக்கி வைக்காமல் உள்ளே இறக்கிவிடுகிறது. குடில் நிரம்பி வழியும் மாதங்களும் மழை குறைந்த மாதங்களும் ஒன்றே என்பது இதற்குமேல் ஒரு முரண்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஐந்து நிமிடம் ஷவரில் குளித்தால் சுமார் 50 லிட்டர் செலவாகும். நாற்பது பேர் தங்குவதாகக் கொண்டால் ஓர் இரவுக்கு 2,000 லிட்டர், அதாவது இரண்டு டன் நீர். 10 டிகிரியில் இருக்கும் அந்த நீரை 40 டிகிரிக்குச் சூடாக்க, 13 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழப் பாதி எரிந்துவிடும். ஒரே இரவு வெந்நீர்க் குளியலுக்கு அரைச் சிலிண்டர். அந்தச் சிலிண்டரும் வானத்திலிருந்து இறங்கியது. குளியலறை இருக்கும் குடில்களில்கூட நீர் சில்லென்று வருவதும், வெந்நீருக்குத் தனிக் கட்டணம் கேட்கப்படுவதும் இதனால்தான். குடிநீரைப் பொறுத்தவரை, குழாய் நீரைக் குடிக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் குடிக்கக் கூடாது.

3. காற்றழுத்தமும் குளிரும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பநிலை 6 முதல் 7 டிகிரி குறைகிறது. கடற்கரையில் 25 டிகிரி இருக்கும்போது குடில் வாசலில் 10 டிகிரிக்கும் குறைவாக இருக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் மேகமற்ற இரவுகளில் வெப்பநிலை சுழி டிகிரியை ஒட்டி இறங்கிப் புல் நுனியில் உறைபனி படிவதும் உண்டு. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். இந்த மூன்றாவது கட்டுப்பாடு சமையலறை, படுக்கை இரண்டையும் தொடுவதால் அதைத் தனித்தனியே பார்ப்போம்.

ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பிட்டோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலைப் பக்கம், பா தெ பெல்கோம்ப் அருகே இருக்கும் தங்குகுடிலும் 2,200 மீட்டருக்கு மேல் உள்ளதுதான். அங்கும் அதே குளிர், ஏறத்தாழ அதே காற்று. ஆனால் அங்கே கார் போகிறது. மஃபாத் பள்ளத்தாக்கின் சிற்றூர்களுக்குச் சாலையே இல்லை. ஹெலிகாப்டரில் போக வேண்டும் அல்லது நடந்து போக வேண்டும். ஆனால் அவை தாழ்வில் இருப்பதால் காற்று மெலிவும் கடும் குளிரும் அந்த அளவுக்கு இல்லை. ஓடையும் தோட்டமும் அருகே உண்டு. சாலையின்மை, நீரின்மை, உயரம் ஆகிய மூன்றும் ஒருங்கே சேரும் இடம் கவேர்ன் துஃபூர். மற்ற ஜீத்துகளில் தங்கிய அனுபவத்தை வைத்து இதை அளப்பவர்கள் ஏமாற்றம் அடைவது இயல்பு.

92 டிகிரியில் கொதிக்கும் நீர்

கடல்மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொள்ளலாம். கவேர்ன் துஃபூர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. நீர் ஆவியாவதுதான் விரைவுபடும், வாயுவும் வீணாகும்.

இந்த எட்டு டிகிரி வேறுபாடு எல்லா உணவையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. அரிசியின் மாவுச்சத்து 65 முதல் 80 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி வெந்துவிடும். எனவே சோறு சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். பருப்பின் கதை வேறு. பருப்பு மசிய வேண்டுமானால் அதன் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைய வேண்டும். அது கரையும் வேகம் சூட்டைப் பொறுத்து வெகுவாக மாறும். கடற்கரை வீட்டில் அரை மணியில் மசியும் பருப்பு இங்கே திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதித்தும் நடுவில் கல்லாக நிற்கும். குக்கர் இதை மாற்றுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தோடு தன் அழுத்தத்தையும் அது சேர்த்துக்கொள்வதால் உள்ளே 110 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். சிலாவோஸில் விளையும் பருப்பு சிறியதாகவும் மெல்லிய தோலுடையதாகவும் இருப்பது குடில் சமையலுக்கு வாய்த்த நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். கீழே இருக்கும் ஊரிலிருந்து வருவதால் அதன் பயணமும் குறைவு.

இப்போது சாப்பாட்டு வகையைக் கவனிக்கலாம். பெரும்பாலும் மேசைக்கு வருவது சோறு, பருப்பு அல்லது பீன்ஸ், காரி எனப்படும் ஒரு மசாலாக் குழம்பு, ருகாய் எனப்படும் காரமான தக்காளித் துவையல். காரி என்றால் கோழி. இல்லையென்றால் ருகாய் சோசிஸ், அதாவது வெங்காயம், தக்காளி, மிளகாயோடு வதக்கிய புகையூட்டிய பன்றி சாசேஜ். உறைய வைத்த கோழியும் புகையூட்டிய சாசேஜும் எடைக்கு ஏற்ற உணவைத் தருபவை, நாள்கணக்கில் கெடாதவை, மர்மித் எனப்படும் ஒரே பெரிய சமையல் பானையில் நாற்பது பேருக்கு ஒருமிக்கச் சமைக்கக்கூடியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சமைத்தால் அடுப்பு எரியும் நேரம் பெருகும். கனத்த அலுமினிய மர்மித்தை மேசையின் ஒரு முனையில் வைத்து, சோற்றுத் தட்டைக் கை மாற்றிக் கை மாற்றிக் கடைசி ஆள் வரை கொண்டுபோகும் அந்த முறையில், ஏழு மணிக்கு வராதவருக்காக எட்டரைக்கு மறுபடி அடுப்பு மூட்ட முடியாது. ஒரே நேரம், ஒரே காரி என்ற விதியின் வேர் இங்கே இருக்கிறது.

சைவமும் விரதமும்

குறைகளில் நியாயம் கூடுதலாக இருப்பது இந்தப் பகுதியில்தான். தமிழ் வழித்தோன்றல்கள் இவ்வளவு பேர் வாழும் தீவில், மரக்கறி உணவு வேண்டுமா என்ற கேள்வியைப் பதிவின்போதே எல்லோரிடமும் கேட்பது பெரிய சுமையல்ல. ஆனால் கேட்கப்படாதபோது சொல்லும் பொறுப்பு நம்முடையதாகிறது. வந்து சேர்ந்தபின் சொன்னால் குடில்காரர் தரக்கூடியது சோறும் பருப்பும் ருகாயும் மட்டுமே. அதுவும் பருப்பில் சுவைக்காகப் புகையூட்டிய பன்றித் துண்டுகள் போடப்படாமல் இருந்தால். சொல்லும் முறையிலும் தெளிவு வேண்டும்.

1. இறைச்சி, மீன் மட்டும் தவிர்ப்பவர்கள் அதை அப்படியே பதிவில் எழுதினால் போதும். முட்டையோ சீஸோ சேர்ந்த மாற்று உணவு கிடைக்கலாம். முட்டையும் ஆகாது என்றால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் தீவின் சமையலறைகளில் சைவம் என்பதில் முட்டை அடங்கும் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. மாட்டிறைச்சி அல்லது பன்றி மட்டும் ஆகாதவர்கள் அன்றைக்கு எந்தக் காரி என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

2. கரேம் என்று இங்கே சொல்லப்படும் விரதத்தில் இருப்பவர்களின் நிலை வேறு. தீமிதிக்கோ காவடிக்கோ நோன்பிருப்பவருக்கு, அசைவம் சமைத்த பாத்திரத்தில் சமைத்ததே ஆகாது. மது பரிமாறும் மேசையில் அமர்வதும் பலருக்கு ஒவ்வாது. ஒரே சமையலறை, ஒரே மர்மித், ஒரே மேசை உள்ள இடத்தில் இந்தத் தூய்மையைக் குடில்காரரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. தீமிதித் தேதிகள் கோயிலுக்குக் கோயில் மாறுபடுவதால், விரதம் முடிந்தபின் ஒரு தேதியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. தைப்பூசக் காலமோ புயல் பருவத்துக்குள் விழுகிறது. அப்போது மலையேற்றத்தையே திட்டமிடாமல் இருப்பது உத்தமம்.

கையில் உணவு கொண்டுபோவதற்குத் தடையில்லை. படுக்கைக் கூடத்தில் அடுப்பு மூட்டுவதுதான் கூடாது. புளியோதரை, எலுமிச்சைச் சோறு போன்றவை புளிப்பால் சற்றுத் தாங்கும். ஆனால் வெயிலில் மூன்று மணி நேரம் முதுகுப்பையில் வெந்துகொண்டு வந்த தயிர்ச் சோற்றை இரவுக்கு வைத்திருப்பது ஆபத்து. சப்பாத்தி, வறுத்த கடலை, பழம் ஆகியவை எடைக்கும் வயிற்றுக்கும் ஏற்றவை.

மேலே தூக்கம் ஏன் வருவதில்லை

இரவு முழுதும் புரண்டு படுத்ததற்குப் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைக் குறை சொல்வது வழக்கம். குறட்டை உண்மைதான்; ஆனால் காரணம் பாதிதான்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 விழுக்காடுதான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சுவிடுகிறது; அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூச்சை இழுக்கும்படி மூளையைத் தூண்டுவது முக்கியமாக அந்த வாயுவே என்பதால், தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்றுபோய், பிறகு பெருமூச்சோடு மீண்டும் தொடங்குகிறது. திடுக்கிட்டு விழித்துக்கொள்வது இதனால்தான். நல்ல உடல்நலம் உள்ளவர்களிடமும் இது நிகழும், தன்னளவில் ஆபத்தானதல்ல.

உயர நோய் எனப்படுவது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தூங்குகிறவர்களிடம் காணப்படுவது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் ஆகியவை அதன் அடையாளங்கள். குடில் அந்த எல்லைக் கோட்டில் நிற்கிறது. காலையில் கடல்மட்டத்தில் இருந்தவர் மாலையில் 2,478 மீட்டரில் படுப்பது உடலுக்குப் பழக நேரம் தராத ஏற்றம். முதல் நாள் இரவைச் சிலாவோஸில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் கழித்துவிட்டு ஏறுகிறவர்களுக்குத் தொல்லை குறையும். இந்த உயரத்தில் உயிருக்கு ஆபத்தான நிலை அரிது. ஆனாலும் தலைவலி தணியாமல் கூடிக்கொண்டே போனாலோ, ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, மருந்தைவிடக் கீழே இறங்குவதே சிகிச்சை. இதய நோய், நுரையீரல் நோய், அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்களும் கருவுற்றவர்களும் ஏறும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பின் பழமும் மூலிகையும் ஊறிய ரம் அரான்ஜே ஒரு சிறு குவளை தருவது தீவின் விருந்தோம்பல். குளிரில் அது சூடு தருவதுபோலத் தோன்றினாலும், தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடற்சூட்டை வெளியே விடுகிறது. தூக்கத்தில் மூச்சையும் மந்தப்படுத்துகிறது. மறுத்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை. தூக்க மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்க வேண்டும். உலர்ந்த குளிர்காற்றில் மூச்சு வழியாகவே உடல் நிறைய நீரை இழக்கிறது.

குடிலில் கம்பளி தருவார்கள். விரிப்பை அல்லது மெல்லிய உறங்குபையை நாமே கொண்டுபோக வேண்டும். ஏற்றத்தில் வியர்த்து நனைந்த பருத்திச் சட்டையைக் கட்டில் கம்பியில் காயப்போட்டால், விடியற்காலையில் எடுக்கும்போதும் அது சொட்டச் சொட்ட இல்லாவிட்டாலும் ஈரமாகத்தான், கைக்குச் சில்லென்று இருக்கும். அந்தச் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு சிகரக் காற்றில் நிற்பதுதான் குளிர்விறைப்புக்கு நேர்வழி. மாற்றுச் சட்டை ஒன்று, அதுவும் பாலியெஸ்டர் அல்லது கம்பளித் துணியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பது ஆடம்பரமல்ல.

நான்கு மணிக்கு எழுவது எதற்கு

சூரியோதயம் பார்ப்பது ஒரு காரணம். அதைவிட அழுத்தமான காரணம் மேகம். தீவின் மீது ஆண்டு முழுதும் தென்கிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று ஈரத்தோடு வருகிறது. ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல், குளிர வேண்டிய காற்று குளிராமல் வெப்பம் கூடும் ஓர் அடுக்கு மூடிபோலப் படர்ந்திருப்பதால், மேகங்கள் வழக்கமாக அதற்குக் கீழேயே நிற்கின்றன. இரவில் குளிர்ந்த காற்று சரிவுகள் வழியே கடலை நோக்கி இறங்க, வானம் தெளிகிறது. சூரியன் ஏறியதும் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலேறி, காலை ஒன்பது பத்து மணிக்குள் பள்ளத்தாக்குகள் வெள்ளையாக நிரம்பிவிடும்.

ஜூலையில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்பும், டிசம்பரில் ஐந்தரை வாக்கிலும் உதிக்கிறது. குடிலிலிருந்து சிகரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால், புறப்படும் நேரம் தானே தெரிந்துவிடும். காலை நான்கு மணிக்குப் புறப்படுகிறவர் இரவு எட்டு மணிக்கே படுக்க வேண்டும். அதனால் சாப்பாடு ஏழுக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தளர்த்தும்படி கேட்பதில் பொருளில்லை. சிகரத்துக்குப் போகாமல் ஓய்வெடுக்க விரும்புகிறவர்கள் காதடைப்பான் கொண்டுபோகலாம்; தலைவிளக்கைப் பிறர் முகத்தில் அடிக்காமல் சிவப்பு ஒளியில் பயன்படுத்தும் பழக்கம் எல்லோரிடமும் வந்தால் இன்னும் நல்லது.

மிச்சச் சோறும் பாரோ பெட்ரலும்

சாப்பிட்ட மிச்சத்தை வெளியே கொட்டக் கூடாது, பழத்தோலைக்கூடக் கீழே எடுத்துப்போக வேண்டும் என்ற விதி பலருக்கு மிகையாகத் தோன்றுகிறது. ஊரில் காக்கைக்குச் சோறு வைப்பது அறம் என்று வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகவும் படலாம்.

காரணம் ஒரு பறவை. பாரோ பெட்ரல் என்ற கடற்பறவை உலகிலேயே இந்தத் தீவில் மட்டும்தான் கூடு வைக்கிறது. அறிவியல் உலகம் அதை 1964இல்தான் தனி இனமாக விவரித்தது. பகலெல்லாம் கடலில் இரை தேடும் இது, பிட்டோன் தெ நேஜ், கிரான் பெனார் பக்கத்துச் செங்குத்துச் சுவர்களில், மண்ணைக் குடைந்த வளைக்குள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. அந்த வளைக்குள் நுழைந்து முட்டையையும் குஞ்சையும் தின்பவை எலியும் காட்டுத்தனமாகிவிட்ட பூனையும். இவை இரண்டும் மனிதரோடு தீவுக்கு வந்தவை. இந்த உயரத்தில் எலிக்கு இயற்கையான இரை குறைவு. குடிலைச் சுற்றிக் கிடக்கும் சோறும் ரொட்டித் துண்டும் அவற்றைப் பெருகவிடுகின்றன. ஒருவர் எறியும் ஒரு பிடிச் சோறு சிறிதுதான். பருவம் முழுதும் இரவுக்கு இரவு பல பேர் எறிந்தால் அது ஓர் எலிக்கூட்டத்தின் உணவு. வெளிச்சமும் இப்பறவைக்குப் பகை. ஏப்ரலில் வளையைவிட்டு முதன்முதலாகக் கடலுக்குப் பறக்கும் குஞ்சுகள் ஊர் விளக்குகளால் வழிதவறித் தரையில் விழுகின்றன என்பதால், அக்காலத்தில் தீவின் ஊர்கள் பொது விளக்குகளை அணைத்து வைக்கும் இரவுகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன.

நெருப்பு பற்றிய தடையும் இதே வகையது. உயரத்துப் புதர்க்காடு எண்ணெய்ப்பசையுள்ள, காய்ந்தால் சட்டென்று பற்றிக்கொள்ளும் செடிகளால் ஆனது. மைதோ பகுதியில் 2010இலும் 2011இலும் பரவிய காட்டுத்தீக்குப் பின் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பதிவு இருந்தும் போக முடியாத நாள்கள்

குடில் திறந்திருப்பது ஒன்று, பாதை திறந்திருப்பது இன்னொன்று. பாதைகளைப் பராமரிப்பது தேசிய வனத்துறை. பாறைச் சரிவு ஏற்பட்டால் அத்துறை பாதையை மூடும். அப்போது குடிலில் படுக்கை காத்திருந்தாலும் அந்த வழியே போவது சட்டவிரோதம். 2024 ஜனவரியில் பெலால் புயலுக்கும், 2025 பிப்ரவரியில் கராஞ்ஸ் புயலுக்கும் பின் பல பாதைகள் மூடிக் கிடந்தன. புயல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்தால் மலையில் இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். சிவப்பு நிலையில் யாரும் வெளியே நடமாடவே கூடாது. ஆகவே நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பதிவுகளில், ரத்தானால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதைக் கட்டணம் செலுத்தும் முன்பே படித்துப் பார்ப்பது அவசியம். அக்டோபரில் தீவைக் குறுக்கே கடக்கும் மலையோட்டப் போட்டியின் காரணமாகத் தங்குமிடம் கிடைப்பது கடினம். விரும்புகிறவர்கள் பல மாதங்கள் முன்பே பதிவு செய்கிறார்கள்.

புறப்படும் நாளில் பிற்பகலுக்குள் குடிலை அடையும்படி லெ ப்ளோக்கில் ஏறத் தொடங்க வேண்டும். தீவின் தலைநகரான சேன் தெனியிலிருந்து வருபவர்கள் சிலாவோஸ் சாலையின் நானூறு வளைவுகளுக்கான நேரத்தையும், வயிற்றைக் குமட்டும் பிள்ளைகளுக்காக வண்டியை நிறுத்தும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஏறும் வழியில் கால் சுளுக்கினாலும் மேகத்தில் வழி தவறினாலும் 112 என்ற எண்ணை அழைக்கலாம். மலைப்பகுதி ஜாந்தார்ம் மீட்புப் படை தேவையானால் ஹெலிகாப்டரில் வரும். பதிவு செய்திருந்தும் வர இயலாதவர் குடிலுக்கு அழைத்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், மர்மித்தில் மிஞ்சும் சோற்றை என்ன செய்வது என்பதோடு, இருட்டியபின் தேடச் சொல்லி மீட்புப் படையை எழுப்புவதா என்ற முடிவையும் அந்தக் குடில்காரர் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.